வற்றம் 5.52

கடலுக்கு எண்பதடி தள்ளி
நெவாடாவிலிருந்து வந்த லாரி
ஐந்து டன் மணலைக் கொட்டிவிட்டுப் போனது.
கொல்லன் தெருவில் ஊசி.
பக்கத்து வீட்டு டர்வுட் வேலிமேல் மோவாயை வைத்துச் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
கடல் மணலில் உப்பு,
உப்பு ஈரத்தை விடாது,
ஈரம் பசையைப் பிடிக்க விடாது.
பத்தொன்பது வருஷமாக ஓரிகன் கரை நெடுக
எல்லா வேலிகளுக்கும் இதைத்தான் சொல்லிவருகிறேன்.

முதல் வாரம் வெறும் தோண்டல்.
ஸ்ப்ரூஸ் வேர், ஒரு ஷூவின் அடிப்பாகம்,
யாரோ புதைத்த நாயின் கழுத்துப்பட்டை.
தகட்டில் பெயர் இருந்தது,
பச்சையேறிப் படிக்க முடியவில்லை.
தியோ அதை வேலிக்கம்பத்தில் மாட்டினான்.
பிறகு ஜல்லி. பிறகு கல்தூள்.
அதிர்வு இயந்திரம் தரையோடு சேர்த்து
என் கடைவாய்ப் பல்லையும் இறுக்கியது.
நூறடிக்கு ஓரடி சரிவு:
மழைத்தண்ணீர் யாரையும் கேட்காமல்
கடலுக்குப் போய்விட வேண்டும்.

புல் சுருள் சுருளாக வந்தது.
பிளாஸ்டிக் என்றாலும் அதற்கும்
படுக்கிற பக்கம் என்று ஒன்று உண்டு.
பூனை முதுகு மாதிரி,
இப்படித் தடவினால் இணங்கும், அப்படித் தடவினால் சிலிர்க்கும்.
ஒரு சுருள் மாறிப் படுத்தாலும்
வெயிலில் இரண்டு பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.
"எத்தனை பச்சையானாலும் பரவாயில்லை"
என்றாள் மாரிட், வீட்டுக்காரி,
குனிந்து தடவிக்கொண்டே.
கறுப்புக் கண்ணாடி இந்தக் கரையில் யார்தான் போடவில்லை?
அப்போதுதான் உறைத்தது,
ஒரு வாரமாக அவள்
என் குரலைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள்.

"கோடுகள் மட்டும் காலுக்குத் தெரிய வேண்டும்."

கோடு காலில் தட்டினால் வேலை தோற்றது என்று
தியோவை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.
இப்போது நானே மண்டியிட்டு
வெள்ளைப் பட்டைக்கு அடியில்
நண்டுக்கூண்டுக் கயிற்றைப் பிரித்து
ஒற்றைப் புரியாக ஓடவிட்டேன்.
ஐந்து மில்லிமீட்டர் வைத்தால் இடறும்,
இரண்டு வைத்தால் புல்லுக்குள் தொலையும்.
மூன்று.
இரண்டு நாள் மூடுபனி, பசை இழுக்கவில்லை.
மூன்றாம் நாள் பூட்ஸைக் கழற்றி
கண்ணை மூடிக்கொண்டு
மூலையிலிருந்து மூலைக்கு நடந்தேன்.
தியோ படம் எடுத்தான். அழிக்கச் சொன்னேன்.
அழித்தானா, தெரியாது.

கணக்குச் சீட்டோடு உள்ளே போனபோது
மேசைமேல் பஞ்சுப் பந்து ஒன்று.
உள்ளே ஏதோ மணிகள்.
உருட்டினால் சட்டைப்பையில் சில்லறை.
வெளியே கடல் உறுமிக்கொண்டிருந்தது.
"இந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?"
வாய் முந்திக்கொண்டது.
மாரிட் குளிர்பெட்டிக் கதவைத் தட்டிக் காட்டினாள்,
காந்தத்தில் தொங்கும் ஏற்றவற்ற அட்டவணை.
புள்ளியெழுத்தில் யாரோ குத்திக் கொடுத்தது.
"வற்றத்தில் கடல் தூரப் போய்விடும்.
அங்கே வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்.
நாற்பது நிமிஷம் கிடைக்கும்."

அலுவலகத்து ஆய்வாளன் லேசரோடு வந்தான்.
எல்லாக் கோடும் மேடு என்று
சிவப்பில் எழுதினான்.
மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

போன வியாழன், லிங்கன் சிட்டியில் வேலை முடித்துத் திரும்புகையில்
அந்தத் தெருவில் வண்டியை ஓரம் கட்டினேன்.
மணி ஐந்தே முக்கால் தாண்டியிருந்தது.
டர்வுட் இலை ஊதும் இயந்திரத்தை
நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்,
பாதிக் குப்பை புல்வெளியில் அப்படியே.
வேலிக்கு அந்தப்புறம்
சில். தட். சில் சில். தட்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, "உள்ளே!" என்று மாரிட்.
"வெளியே!" என்று ஓர் ஆண்குரல்.
கோட்டில் பட்டது, நான் கேட்டேன் என்று அவள்,
என் காலே கோட்டில்தான் இருந்தது என்று அவன்.
டர்வுட் என்னைப் பார்த்தார்.
நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.
விடுவதாயில்லை இரண்டு பேரும்.
வழக்கு தீருவதற்குள்
கடல் திரும்பி வந்துவிட்டது.